பயத்தோடு வருகிறவர்களுக்கு: முதல் பதிகத்தை ஓதப் பழகும் வழி

எங்கள் ஊர்த் திருமுறை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் தமிழின் சுவைக்காக வருவதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் வரக் காத்திருப்பவர், வேலை போன பிள்ளையின் அம்மா, ஜோசியர் சொன்ன ஏழரைச் சனியைத் தலையில் சுமந்துகொண்டு திரிபவர், கணவர் போன பிறகு ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கலக்கம். செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "இதுக்கு எந்தப் பதிகம் படிச்சா சரியாகும்?" பதிகம் என்றால் பெரும்பாலும் பத்துப் பதினொரு பாட்டு கொண்ட ஒரு தொகுதி.

வாட்ஸ்அப்பில் அதற்கு ஆயத்தமாகவே பட்டியல் சுற்றுகிறது. கடன் தீர ஒன்று, கல்யாணம் கூட ஒன்று, கண்நோய்க்கு ஒன்று. அந்தப் பட்டியல்களைப் பொய் என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் அந்தந்தப் பதிகம் பிறந்த கதையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் மருந்துச் சீட்டு மாற்றுவதுபோல வாரத்துக்கு ஒரு பதிகம் மாற்றுகிறவர் மனசில் எதுவும் தங்குவதில்லை. புதியவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரே ஒரு பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயம் வந்ததும் கூப்பிடாமலே வாயில் வந்து நிற்கிற அளவுக்கு அது மனப்பாடமாகட்டும். சைவக் குடும்பத்தில் பிறந்தும் தேவாரத்தின் பக்கமே போகாதவர்கள், இப்போதுதான் கோயில் பழக்கம் வந்தவர்கள், இவர்களை மனதில் வைத்து அதற்கான வழியை எழுதுகிறேன்.

முதலில் பயங்களை எழுதிக்கொள்ளுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை. இதைக் கற்றுக்கொடுப்பதே ஒரு பதிகம்தான்.

திருமறைக்காடு என்று தேவாரம் சொல்லும் இன்றைய வேதாரண்யத்தில் ஞானசம்பந்தரும் அப்பரும் தங்கியிருந்தபோது மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் ஆள் அனுப்பியிருந்தார்கள். அப்பர் வயதில் மூத்தவர். சமணரிடம் தாம் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. கோளும் நாளும் சரியில்லை, இப்போது போகவேண்டாம் என்று பிள்ளையைத் தடுத்தார். அதற்கு மறுமொழியாகச் சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம், இரண்டாம் திருமுறையில் 85-ஆவது. பெரியபுராணம் சொல்லும் கதை இது.

இந்தப் பதிகத்தை மெதுவாகப் படித்தால் ஒன்று தெரியும். இது பயங்களின் பட்டியல். முதல் பாட்டில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு கோள்களும், ராகு கேது என்னும் இரண்டு பாம்புகளும் பெயர் சொல்லி வருகின்றன. இரண்டாம் பாட்டில் பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்கள், எண் போட்டு. நான்காவதில் காலனும் அவன் தூதர்களும் கொடிய நோய்களும். ஐந்தாவதில் அசுரர், இடி, மின்னல், பூதம். ஆறாவதில் புலி, கொலையானை, பன்றி, பாம்பு, கரடி, சிங்கம். ஏழாவதில் காய்ச்சல், குளிர், வாதம், பித்தம். அந்தக் காலத்தில் நடந்து போகிற ஒருவன் எதற்கெல்லாம் அஞ்சுவானோ அத்தனையையும் ஒரு பிள்ளை வரிசையாக நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றைப் பார்த்தும் "நல்ல நல்ல" என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஏன் நல்லவை என்பதற்குப் பத்துப் பாட்டிலும் ஒரே காரணம்: "என் உளமே புகுந்த அதனால்." சிவன் உள்ளே வந்துவிட்டான், அதனால்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் கோள்களை எழுதுங்கள். வீட்டுக் கடன் தவணை. அப்பாவின் கிரியேட்டினின் அளவு. பையன் ராத்திரி பைக்கில் வருவது. ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிப்பார்களா என்பது. பெரியது சிறியது பார்க்கவேண்டாம். சம்பந்தர் எமனையும் இடியையும் ஜலதோஷத்தையும் ஒரே பதிகத்தில்தான் வைத்திருக்கிறார். எழுதிப் பார்த்தால், ராத்திரி மூன்று மணிக்கு மலைபோல நின்றது ஏழெட்டு வரியில் அடங்கிவிடும். தாளை மடித்து, வாங்கப்போகிற புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டவேண்டிய அவசியமில்லை.

எந்தப் பதிகம்?

தேவாரத்தில் முதல் மூன்று திருமுறை சம்பந்தர் பாடியது, அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். மொத்தம் ஏறக்குறைய எண்ணூறு பதிகங்கள். பயத்தோடு வருகிறவருக்கு அப்பர்தான் முதல் வாசல் என்பது என் கட்சி. மூவரில் அதிகம் அடிபட்டவர் அவர்தான்.

சூலை நோய் வந்து, வயிற்றுவலி தாங்காமல், அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தவர். இன்று பண்ருட்டியோடு ஒட்டிக் கிடக்கிற ஊர், கெடில நதிக்கரை. அங்கே வீரட்டானேசுவரர் சந்நிதியில் பாடிய "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" தான் அவருடைய முதல் பதிகம், நான்காம் திருமுறையின் தொடக்கம். அதில் ஸ்தோத்திரத்தின் பளபளப்பே கிடையாது. குடலோடு சேர்த்து முடக்குகிறது, ஆற்றேன், தாங்கமுடியவில்லை என்று நேராகச் சொல்கிறார். நான் என்ன கொடுமை செய்தேன் என்றே தெரியவில்லை என்கிறார். சாமி முன்னால் நல்லபிள்ளையாக நிற்கவேண்டும், நல்லதாகத்தான் பேசவேண்டும் என்று பழகிவிட்ட நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். உடல் நோவோடு இருப்பவர்கள் இந்தப் பதிகத்தில் தொடங்கலாம்.

பிறகு பல்லவ மன்னனிடம் அவர் பட்டது. நீற்றறையில் ஏழு நாள் பூட்டிவைத்தார்கள். சுண்ணாம்பு வேகும் சூட்டில் இருந்துகொண்டு அவர் பாடியது "மாசில் வீணையும் மாலை மதியமும்". வீணை, நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் குளம் என்று அத்தனையும் குளிர்ச்சி. ஐந்தாம் திருமுறையில் உள்ள இந்தப் பாட்டுகள் திருக்குறுந்தொகை என்ற வகை. நாலே நாலு குட்டி அடிகள். மனப்பாடத்துக்கு இதைவிட எளிது கிடையாது. ஓதவே தெரியாது, தமிழ் வாசிப்பே தடுமாறும் என்பவர்களை நான் இங்கேதான் உட்கார வைப்பேன்.

யானையை ஏவி மிதிக்க வைக்கப் பார்த்தபோது பாடியது "சுண்ணவெண் சந்தனச் சாந்தும்". இதன் ஒவ்வொரு பாட்டும் "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை" என்று முடியும். அந்த வரியைப் பலரும் அறிவார்கள். அதற்கு முந்தைய சொற்கள்தான் முக்கியம்: "உடையார் ஒருவர் தமர் நாம்." இன்னாருடைய ஆள் நாங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அஞ்சமாட்டோம் என்கிறார். தைரியம் தன்னுடையது என்று எங்கும் சொல்லவில்லை. தெருவில் நாய் துரத்தும்போது அப்பா கையைப் பிடித்திருக்கிற பிள்ளைக்கு இது புரியும்.

கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது பாடியது "சொற்றுணை வேதியன்", நமச்சிவாயப் பதிகம். வேலை, பணம், வழக்கு என்று அமிழ்கிற மாதிரி இருப்பவர்கள் பெரும்பாலும் இதில் போய் நிற்பார்கள். நான் யாருக்கும் சொல்லாமலே அவர்களாகவே தேர்ந்தெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கிரகத்துக்குப் பயப்படுகிறவருக்குக் கோளறு பதிகம். பாட்டுகள் நீளமானவை, கொஞ்சம் உழைக்கவேண்டும். மேலதிகாரிக்கோ, உள்ளூர்ப் பெரிய மனிதருக்கோ பயந்து கிடப்பவருக்கு ஆறாம் திருமுறையில் "நாமார்க்கும் குடியல்லோம்". அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று அப்பர் சொன்ன பதில் அது. அதைப் பாடிவிட்டு மறுநாள் ஆபீசில் போய்ச் சண்டை போட்டு, நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

இவற்றுள் ஒன்று. ஒன்றே ஒன்று. மற்றவை எங்கும் ஓடிவிடாது.

புத்தகமும் குரலும்

கடையில் கேட்கும்போது "பெரிய எழுத்து, சந்தி பிரித்தது" என்று கேளுங்கள். சந்தி பிரிக்காத பதிப்பு அறிஞர்களுக்குச் சரி. நமக்கு "கற்றுணைப் பூட்டியோர்" என்று அச்சிட்டிருந்தால் கல்லும் தெரியாது, கட்டினதும் தெரியாது. "கல் துணை பூட்டி ஓர் கடலில்" என்று பிரித்திருந்தால் பாதிப் பொருள் அங்கேயே வந்துவிடும். முழுத் தேவாரமும் உள்ள அடங்கன்முறை இப்போது வேண்டாம். கனமான புத்தகம், பார்த்தாலே மலைப்பாக இருக்கும். திருமுறைத் திரட்டு என்று மெல்லிய புத்தகங்கள் கோயில் வாசல் கடைகளிலேயே கிடைக்கும். கொஞ்சம் பழகியபின் அகத்தியர் தேவாரத் திரட்டு வாங்கலாம். அதில் 25 பதிகங்கள், காலம் காலமாகப் பாராயணத்துக்கு என்றே பொறுக்கி வைத்தவை.

கேட்பதற்குத் தருமபுரம் சுவாமிநாதன் குரலில் ஏராளமான பதிகங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பண்ணோடு, அதாவது பதிகத்துக்கு உரிய பழைய ராகத்தோடு, சொல் சிதையாமல், அவசரமில்லாமல் பாடியிருப்பார். பின்னணி இசை அதிகம் சேர்த்த, சினிமாப் பாட்டுப்போல மெட்டுப் போட்ட பதிவுகள் கேட்க இனிமையாக இருக்கும். கற்றுக்கொள்ள உதவாது. மூச்சு எங்கே விடவேண்டும் என்று அதில் பிடிபடாது.

ஒரே பதிவை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் காய் நறுக்கும்போது, பஸ்ஸில், நடைப்பயிற்சியில் அதையே ஓடவிடுங்கள். முதல் சில நாள் வெறும் சத்தம்தான். ஒரு வாரத்தில் அங்கங்கே ஒரு சொல் தலைநீட்டும்.

ஓதுவது

நேரம் உங்கள் சௌகரியம். ஆனால் தினமும் ஒரே நேரம். விடியலில் குளித்துவிட்டு என்றால் உத்தமம் என்பார்கள். விடியலில் டிபன் பாக்ஸ் மூன்று கட்டவேண்டிய வீட்டில் அது நடக்காது. விளக்கேற்றுகிற நேரத்தில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் படுக்கப்போகும் முன். பயத்தோடு இருப்பவர்களுக்கு உண்மையில் இந்தக் கடைசி நேரம்தான் மிகவும் உதவுகிறது என்பது நான் பார்த்தது. ராத்திரிக்குள் நுழையும்போது மொபைலில் செய்தி பார்த்துவிட்டு நுழைவதும், பதிகம் சொல்லிவிட்டு நுழைவதும் வேறு வேறு ராத்திரிகள்.

கால் கை கழுவி, திருநீறு பூசி, கிழக்கோ வடக்கோ பார்த்து உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். தொடங்கும்போது "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லவேண்டும், முடிக்கும்போதும் சொல்லவேண்டும். திருமுறையை எங்கே ஓதினாலும் இது மாறாத மரபு. அடுத்து, பதிகம் எந்தத் தலத்துக்கு உரியதோ அந்த ஊரையும் அங்கே உறைகிற சாமியின் பெயரையும் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். திருவதிகை, வீரட்டானேசுவரர். திருமறைக்காடு, மறைக்காட்டீசர். சாமிக்கு விலாசம் இருக்கிறது என்பது பயந்தவனுக்குச் சின்ன ஆறுதல் இல்லை. என்றைக்காவது பஸ் ஏறிப் போகவும் செய்யலாம்.

முதல் வாரம் முதல் பாட்டு மட்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதல் நாளே பத்துப் பாட்டையும் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்துவிட்டு, மூன்றாம் நாள் அலுத்துப்போய் நிறுத்திவிடுவார்கள். ஒரு பாட்டை மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் தடவை புத்தகத்தைப் பார்த்து. இரண்டாம் தடவை பார்க்காமல், தடுக்குகிற இடத்தில் மட்டும் எட்டிப்பார்த்து. மூன்றாம் தடவை பொருளை நினைத்து மெதுவாக. அவ்வளவுதான், எழுந்திருங்கள். பத்து நிமிஷம் ஆகாது.

மனப்பாடத்துக்கு ஒரு உபாயம்: கடைசி அடியிலிருந்து தொடங்குங்கள். பதிகங்களில் கடைசி அடியோ, அதன் ஒரு பகுதியோ பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்ப வரும். "நமச்சிவாயவே" என்றோ "அஞ்ச வருவதும் இல்லை" என்றோ எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் நடுவில் வழி தப்பாது. கோளறு பதிகத்தில் "உளமே புகுந்த அதனால்" நடுவிலும், "அடியாரவர்க்கு மிகவே" முடிவிலும் தூண்போல நிற்கும். இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை இடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பண் தெரியாதே என்று கவலைப்படவேண்டாம். பாடத் தெரிந்தவர் பாடலாம், தெரியாதவர் வசனம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். வாய்க்குள் முணுமுணுப்பது மட்டும் வேண்டாம். காதில் விழவேண்டும். பயம் நெஞ்சை அடைக்கும்போது மூச்சு மேல்மூச்சாக ஓடும். நீளமான அடியை வாய்விட்டுச் சொல்லி முடிக்க மூச்சை இழுத்துப் பிடித்து மெல்ல விட்டாகவேண்டும். அந்த ஒழுங்கே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சம்பந்தர் பதிகங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாவதில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும், பத்தாவதில் சமணரும் பௌத்தரும், பதினொன்றாவது திருக்கடைக்காப்பு, அதாவது ஓதுவதன் பலனைச் சொல்லி முடிக்கும் பாட்டு. இது தெரிந்தால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது பிடிபடும். பத்தாம் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழாம் நூற்றாண்டின் வாதச் சண்டைகளின் சூடு அதில் இருக்கிறது. அதை அந்தக் காலத்தோடு விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மதத்தின்மேல் ஏற்றிச் சொல்கிறவர்களை எங்கள் வகுப்பில் உட்கார வைப்பதில்லை.

இராவணன் பாட்டு எனக்குப் பிடித்தது. கயிலையைத் தூக்கப்போய், விரல் நுனியில் நசுங்கி, அலறி, பிறகு பாடி, அருளும் வாங்கிக்கொண்டு போனவன். பதிகத்துக்குப் பதிகம் அவனை நினைவுபடுத்திக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. அடிபட்டபின் பாடினாலும் செல்லும்.

கோயிலில் போய்க் கேளுங்கள்

வீட்டில் தனியாகப் பழகுவது ஒரு பக்கம். வாரத்தில் ஒரு நாளாவது ஓதுவார் உள்ள கோயிலுக்குப் போங்கள். சாயரட்சை என்கிற மாலைப் பூஜை நேரத்தில், தீபாராதனை முடிந்ததும் ஓதுவார் தாளத்தைக் கையில் எடுத்துப் பஞ்சபுராணம் ஓதுவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் திருச்சிற்றம்பலம். கூட்டம் விபூதிக்கு முண்டிக்கொண்டிருக்கும் நேரம் அது, யாரும் கவனிப்பதில்லை. நீங்கள் ஒதுங்கி நின்று கேளுங்கள்.

முடிந்ததும் அருகில் போய், "ஐயா, நான் இந்தப் பதிகம் பழகிக்கிட்டிருக்கேன். இந்த அடியை எங்க பிரிக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிற ஆள் கிடைத்தால் ஓதுவாருக்குச் சந்தோஷம் தாங்காது. நான் அறிந்த வரையில், அரை மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளாத ஓதுவாரே இல்லை.

அடிக்கடி கேட்கிற கேள்விகள்

அசைவம் சாப்பிடுகிறவர் ஓதலாமா? ஓதலாம். அன்றைக்குச் சாப்பிடும் முன் ஓதிவிடுங்கள் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். தீட்சை வேண்டுமா? சிவபூஜை எடுத்துக்கொள்ளத்தான் தீட்சை கேட்பார்கள். தேவாரம் சொல்ல வாய் போதும். மாதவிலக்கு நாட்கள், சாவுத் தீட்டு பற்றிக் கேட்டால் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. புத்தகத்தைத் தொடாமல், விளக்கேற்றாமல், மனசுக்குள் சொல்லிக்கொள்வதை யாரும் தடுத்துப் பார்த்ததில்லை. மனப்பாடமாக இருப்பதன் லாபம் இங்கேயும் இருக்கிறது. உச்சரிப்புத் தவறினால் பாவமா என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயத்தைப் போக்க வந்த இடத்தில் புதுசாக ஒரு பயத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

48 நாள் மண்டலம் என்று சங்கல்பம் செய்துகொள்வதும் தொடக்கத்தில் வேண்டாம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் "தெய்வ குற்றம் ஆயிடுச்சோ" என்று மனசு அதையே பிடித்துக்கொள்ளும். விட்டால் மறுநாள் தொடருங்கள்.

பயம் வந்துவிட்ட அந்த நேரத்தில்

ஆஸ்பத்திரி வராந்தா. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. உள்ளே போய் இரண்டு மணி நேரம் ஆகிறது, யாரும் வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை. புத்தகம் வீட்டில், மொபைலில் சார்ஜ் இல்லை. இந்த இடத்துக்காகத்தான் இத்தனை நாள் மனப்பாடம்.

முழுப் பதிகமும் அப்போது வராது. வரவும் வேண்டாம். ஒரு பாட்டை எடுத்து, அதையே திரும்பச் சொல்லுங்கள். அதுவும் சிதறினால் ஓர் அடி. அதுவும் நிற்காவிட்டால் அஞ்செழுத்து, நமசிவாய, மூச்சோடு. உதடு அசைவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தால் வெட்கப்படவேண்டாம். அந்த வராந்தாவில் எல்லோருமே ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அடுத்த நாற்காலியில் ஜெபமாலை உருளும், எதிரே ஒரு பாய் கண்மூடித் துஆ சொல்லிக்கொண்டிருப்பார்.

ராத்திரித் தூக்கம் கலைந்து நெஞ்சு படபடக்கும்போதும் இதேதான். எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, விளக்குப் போட்டு, முதல் பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்படிச் சொல்லியும் வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சோறு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வருகிறது என்றால் மருத்துவரிடம் போகவேண்டும். நேரில் போகத் தயக்கமானால் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். இது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் சம்பந்தரையே எடுத்துக் காட்டுங்கள். கூட வந்த அடியார்களுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தபோது, இன்றைய திருச்செங்கோட்டில் அவர் பாடிய "அவ்வினைக்கு இவ்வினை" பதிகத்தில் இரண்டாம் அடியே "உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே" என்று கேட்கிறது. பிழைக்கும் வழியைத் தேடாமல் சும்மா இருப்பதுதான் குறை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பதிகம் சொல்லலாம், இரண்டுக்கும் பகை கிடையாது.

ஓதியும் நடக்கவில்லையே

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ரிப்போர்ட் கெட்டதாகவே வந்துவிட்டது. வேலை போயே விட்டது. நேற்றுவரை தவறாமல் ஓதியவர் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது.

கோளறு பதிகம் பாடிவிட்டு மதுரைக்குப் போன சம்பந்தருக்கு என்ன நடந்தது? அவர் தங்கியிருந்த மடத்துக்கு ராத்திரி தீ வைத்தார்கள். கோள் என்ன செய்யும், நாள் என்ன செய்யும் என்று பாடிய அதே பயணத்தில். அவர் பாடிய பதிகம் பொய்த்துவிட்டது என்று பெரியபுராணம் எழுதவில்லை, அவரும் அப்படி நினைக்கவில்லை. இன்னொரு பதிகம் பாடினார். "சொற்றுணை வேதியன்" முதல் பாட்டையும் பாருங்கள். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" என்றுதான் இருக்கிறது. பாய்ச்சமாட்டார்கள் என்று எங்கே இருக்கிறது? தள்ளிவிட்டார்கள், தண்ணீருக்குள் போயாயிற்று, அங்கேயும் துணை இருக்கிறது என்பதுதான் அந்தப் பாட்டு தருகிற உறுதி. இந்த அளவுக்குமேல் தேவாரத்திடம் வாக்குறுதி கேட்டு வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த அளவே பெரிது என்றும் தோன்றுகிறது.

கோபம் வந்தால் கோபப்படலாம். அதற்குச் சுந்தரர் இருக்கிறார். கண்பார்வை போய், காஞ்சியில் ஒரு கண் மட்டும் திரும்பி, திருவாரூருக்கு வந்து நின்றுகொண்டு அவர் பாடியது "மீளா அடிமை" பதிகம். உமக்கே ஆளாகிக் கிடக்கிறோம், எங்கள் துன்பத்தைச் சொன்னால் வாய் திறக்காமல் இருக்கிறீர், நல்லது, "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். நீங்களாவது நன்றாயிருங்கள் என்று வீட்டில் மனஸ்தாபப்பட்டவர்கள் சொல்லிவிட்டுப் போவார்களே, அதே தொனி. அதையும் திருமுறை என்று கோயிலுக்குள் வைத்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். மனசு வெறுத்துப்போனவர்கள் தங்கள் பதிகத்தைச் சில நாள் ஒதுக்கிவைத்துவிட்டு இதை எடுத்துச் சொல்லலாம். பேச்சை நிறுத்திக்கொள்வதைவிடச் சண்டை போடுவது மேல்.

தாளை எடுத்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில் உதவும். முதல் நாள் எழுதினீர்களே, அந்தப் பயப் பட்டியல். சிலது நடந்திருக்கும், சிலது நடக்காமலே போயிருக்கும். ஒன்றிரண்டு என்ன எழுதினோம் என்றே நினைவிருக்காது. நடந்ததை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளுங்கள்.

தனியாக நிற்கவேண்டாம்

முதல் பதிகம் நாவில் நின்றபின், இரண்டாவதைத் தேடும் முன், கூட்டத்தோடு ஓதிப் பாருங்கள். பயந்தவர்களுக்கு இது முக்கியம். தனியாக இருக்கும்போதுதான் பயம் வளர்கிறது. குருபூஜை நாட்களில் பல சிவாலயங்களில் திருமுறைப் பாராயணம் இருக்கும். சித்திரைச் சதயம் அப்பருக்கு, வைகாசி மூலம் சம்பந்தருக்கு, ஆனி மகம் மாணிக்கவாசகருக்கு, ஆடிச் சுவாதி சுந்தரருக்கு. மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடுகிற கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்வது எல்லாவற்றையும்விடச் சுலபம், யாரும் யார் நீ என்று கேட்கமாட்டார்கள்.

அடுத்தது முற்றோதல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ திருவாசக முற்றோதல் என்று பலகை வைத்திருப்பார்கள். காலையில் தொடங்கி 658 பாட்டையும் ஓதி முடிக்கப் பிற்பகல் ஆகிவிடும். புத்தகம் அவர்களே தருவார்கள். பின்வரிசையில் உட்காருங்கள். தெரிந்த இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள், தெரியாத இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வரியைத் தொடருங்கள். பக்கம் தவறிவிட்டால் பக்கத்தில் இருக்கும் அம்மா உங்கள் புத்தகத்தைத் தானே புரட்டிச் சரிசெய்துவிடுவார், கேட்கவேண்டியதில்லை. நடுவில் மோர் வரும். கால் மரத்துப்போனால் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். முடிவில் "வான்முகில் வழாது பெய்க" என்று வாழ்த்துப் பாடி, தீபாராதனை காட்டி, இலை போடுவார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு நழுவிவிடாமல் இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முற்றோதல் எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பதைப் பந்தியில்தான் சொல்வார்கள்.